காதில் விழுந்தது சாட்சியாகாது

அன்புள்ள சீனியருக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் என் சகலையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கால் சுளுக்கு முழுதும் விட்டுவிட்டதா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மனுவும் நோட்டீஸும் தவிர வேறொன்றும் எழுதிப் பழகாத கை. இடையில் ‘மேற்படி’, ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’ என்று ஏதாவது வந்து விழுந்தால் பொறுத்துக்கொள். வேறு வழியும் எனக்கு நீ வைக்கவில்லை. உன் செல்போன் அலமாரியில் துணிகளுக்கு நடுவே அணைந்து கிடக்கிறது. அக்கா வீட்டுக்குப் போன் செய்தால் சகலைதான் எடுக்கிறார். ஒருநாள் நீ குளிக்கிறாய், ஒருநாள் தூங்குகிறாய், ஒருநாள் இப்போதுதான் வெளியே போனாய். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். போன வாரம் “அவ குளிச்சிட்டிருக்கா சகலை” என்று அவர் சொன்னபோது பக்கத்திலேயே நீ இருமியது எனக்குக் கேட்டது. உன் இருமல் எனக்குத் தெரியாதா? எதிர்த்தரப்பு உளறும்போது நீ இருமுகிற இருமல் அது.

ஆபீஸ் வழக்கம்போல நடக்கிறது என்று எழுத ஆசைதான். கீழே கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்துகளை உரக்கப் படிப்பது இப்போது மேலே தெளிவாகக் கேட்கிறது. முன்பு உன் குரலில் அது அமுங்கிப் போகும். குமாஸ்தா தினமும் உன் மேஜையைத் துடைக்கிறார், அதில் ஒரு காகிதம் வைக்கக்கூட என்னை விடுவதில்லை. “அம்மா வந்து கேட்டாங்கன்னா நான் என்ன பதில் சொல்றது?” என்று என்னையே மிரட்டுகிறார்.

சண்டை போட எழுதவில்லை. நல்ல சேதி ஒன்று வந்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உச்ச நீதிமன்றம் இந்த வாரம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வக்கீல்கள் அறையில் ஒருவர் அதைச் செல்போனில் படித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவன் அப்படியே மூடி வைத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரோ ஒரு மர வியாபாரி. காணொளி விசாரணையில் தன் வக்கீலின் மைக் திறந்திருப்பது தெரியாமல், பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைக் கொட்டிவிட்டார். கோர்ட் முழுக்கக் கேட்டுவிட்டது. எதிர்த்தரப்பு அதையே சாட்சியமாக்கியது. ஊரே கேட்ட பிறகு அதில் என்ன ரகசியம் என்று கீழ்க் கோர்ட்டுகளும் தலையாட்டிவிட்டன. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வக்கீலிடம் பேசிய பேச்சு கட்சிக்காரருடைய சொத்து, வக்கீல் கை தவறி அதைக் கீழே போட்டுவிட்டார் என்பதற்காக எடுத்தவர் சொந்தம் கொண்டாட முடியாது, காதில் விழுந்ததெல்லாம் சாட்சியம் ஆகிவிடாது என்று எழுதியிருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வக்கீல் தன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு, “என்ன சார், கண்ணு கலங்குது?” என்றார். சாப்பாட்டில் வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நம் கேஸேதான் அது. மரத்துக்குப் பதில் நமக்கு ஒரு குழந்தை, நம் கட்சிக்காரரான பேக்கரிப் பெண்ணும் அவள் புருஷனும் கேட்டு வழக்காடும் குழந்தை.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி என்னை நீ பேசவே விடவில்லை. நான் வாயைத் திறந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போனாய். உனக்குத் தெரிந்தது நம் ஆபீஸில் உன் மேஜைக்கு முன்னால் நடந்தது மட்டும். கோர்ட்டில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவன் நான். நேரில் சொன்னால் ஓடுகிறாய், அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

வேறொரு கேஸுக்காக நான் அதே குடும்பநல கோர்ட்டில் பின்வரிசையில் இருந்தேன். கால் வீங்கியிருந்ததால் நீ ஆபீஸிலிருந்தே திரை வழியாக ஆஜரானாய். சுவரில் இருந்த பெரிய திரையில் வரிசையாகக் கட்டங்கள், அதில் நீ ஒரு கட்டம். உன் பக்கத்தில் நம் பேக்கரிப் பெண்ணின் தோள் மட்டும் தெரிந்தது. நம் முறை வர இன்னும் நேரம் இருந்தது. இடைவேளை முடிந்து நீதிபதி உள்ளே வந்தார். அறையில் இருந்த நாங்கள் எழுந்தோம். திரையில் இருந்த வக்கீல்கள் அத்தனை பேரும் பிடித்து வைத்தது போல உட்கார்ந்தே இருந்தார்கள். நீ ஒருத்தி மட்டும் வீங்கிய காலோடு எழுந்து, மேஜையில் கை ஊன்றி, திரையைப் பார்த்துத் தலை வணங்கினாய். எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது. எனக்கு ஒரு வருஷம் முன்னால் கவுன் மாட்டியவள் என்று உன்னைச் சீனியர் என்று கூப்பிடுவது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ குனிந்து நிமிர்ந்தபோது கவுனின் அந்தத் தொளதொளக் கை கம்ப்யூட்டர் விசைகளைத் துடைத்துக்கொண்டு போனது. உன் கட்டத்தில் மைக் படத்தின் மேல் இருந்த சிவப்புக் கோடு மறைந்தது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

உடனே உனக்குப் போன் செய்தேன். கோர்ட் நேரத்தில் நிஜமாகவே போனை அணைத்து வைக்கிற ஒரே வக்கீல் நீதான். பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்துக் கையை ஆட்டினேன். நான் வாய்தா கேட்கிறேன் என்று நினைத்து, பொறுங்கள் என்று சைகை காட்டினார். அதற்குள் கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் வந்துவிட்டது. “அவர்கிட்டதான் புள்ள இருக்கணும்னு சொன்னாங்கன்னா, அவளத் தூக்கிட்டு கண்காணாத எடத்துக்குப் போயிடுவேன் மேடம். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.” இவ்வளவுதான். கிளார்க் பதறிப்போய் அங்கிருந்தே உன் மைக்கை மூடிவிட்டார்.

எதிர்த்தரப்புக்கு வக்கீல் நம் வெண்கலம். வெண்கலக் கடையில் யானை புகுந்த குரல் என்று அவருக்கு நீ வைத்த பெயர். அவர் எழுந்து, அந்த வாக்கியத்தை அப்படியே பதிவு செய்ய வேண்டும், குழந்தையைக் கடத்தப் போவதாகத் தாயே சொல்லிவிட்டாள் என்றார். நீதிபதி பதிவு செய்தார். அதன்பிறகு வந்த இடைக்கால உத்தரவு உனக்கே மனப்பாடம். வழக்கு முடியும்வரை குழந்தை தகப்பனிடம் இருக்க வேண்டும், தாய் சனிக்கிழமைகளில் கோர்ட்டில் உள்ள குழந்தைகள் அறையில் வந்து பார்த்துக்கொள்ளலாம். மேல் கோர்ட்டில் முறையீடு போட்டோம். மனுவில் கையெழுத்துப் போட்ட கையோடு நீ உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாய். தாயையும் பிள்ளையையும் பிரித்த கை இனி எந்த வக்காலத்திலும் கையெழுத்துப் போடாது என்று ரயில் ஜன்னல் வழியாகச் சொன்னாய். நான் பதில் யோசித்துக்கொண்டே நின்றேன், ரயில் போய்விட்டது. எனக்கு நல்ல வாதம் எப்போதும் கேஸ் முடிந்த பிறகுதான் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதுத் தீர்ப்பில் ஒரு கொக்கி இருக்கிறது. அது சட்ட ஆலோசனையின்போது நடந்த பேச்சுதான் என்று நாம் காட்ட வேண்டும். கோர்ட் பதிவில் இருப்பது அந்த ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு, இது ஆலோசனை இல்லை, வெறும் மிரட்டல் என்று வெண்கலம் முழங்குவார். முன்னால் என்ன பேசினீர்கள், பின்னால் என்ன பேசினீர்கள் என்று எனக்கே தெரியாது. ரகசியம் கட்சிக்காரருடையது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு அவளைக் கேட்காமல் ஓர் அடி வைக்கக் கூடாது. அதனால் பேக்கரிக்குப் போனேன்.

யாருடைய பிறந்தநாளுக்கோ ஒரு கேக்கின் மேல் ரோஜாப்பூ பிழிந்துகொண்டிருந்தாள். தீர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில் சொன்னேன். கையில் க்ரீம் பையோடு நிமிர்ந்து பார்த்தாள். “மேடம்தான் காதோரமா மெதுவா கேட்டாங்க சார், ஒருவேள உத்தரவு உனக்கு எதிரா வந்தா என்ன பண்ணுவேன்னு. மனசுல பட்டதச் சொன்னேன். அதுக்கு மேடம் என்ன திட்டுத் திட்டுனாங்க தெரியுமா! ஓடுனா புள்ளையும் போயிடும், மானமும் போயிடும், அந்த நெனப்பு இருந்தா வேற வக்கீலப் பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. நான் அழுதுட்டு, இல்ல மேடம், கோர்ட்டு என்ன சொல்லுதோ அப்படியே நடந்துக்கிறேன்னு சொன்னேன். எங்க சார், அதக் கோர்ட்டு கேக்கலையே!” பேச்சு மும்முரத்தில் ரோஜாப்பூ முட்டைக்கோஸ் ஆகிவிட்டது. கத்தியால் வழித்தெடுத்துவிட்டு மறுபடி பிழிய ஆரம்பித்தாள்.

எனக்கு முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. கேள்வியும் இருந்திருக்கிறது, திட்டும் இருந்திருக்கிறது, அவள் மனம் மாறியதும் இருந்திருக்கிறது. கோர்ட் கேட்டது நடுவில் ஒரு வரி. இதைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. அதில் கொஞ்சத்தை நாமாகத் திறந்தால் மீதியையும் திற என்று வெண்கலம் கேட்பார். அந்தப் பெண் தன் குடும்பத்தைப் பற்றி உன்னிடம் சொன்ன மற்றதெல்லாம் சந்தி சிரிக்கும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு பழியை நீ வாங்கிக்கொண்டாய். சரியான கல்லுளிமங்கி.

இனி அந்தப் பயம் வேண்டாம். தீர்ப்பிலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சூழலில் பேச்சு நடந்தது என்று வக்கீல் பிரமாணப் பத்திரம் எழுதி, மூடிய உறையில் நீதிபதி பார்வைக்கு மட்டும் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு அதைப் பார்க்க முடியாது, கொடுத்ததால் ரகசியமும் கெடாது. அவள் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். நம் முறையீடு இந்த மாதக் கடைசியில் விசாரணைக்கு வருகிறது. எழுத வேண்டியவள் நீ. உனக்குச் சங்கடம் வராதபடி ஒரு வரைவு தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கேயே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பேக்கரிப் பெண்ணின் மகள், நம் வாலு, முன்போல வாலாட்டுவதில்லையாம். போன சனிக்கிழமை அம்மா மடியில் உட்கார்ந்திருந்தவள், நேரம் முடிவதற்கு முன்பே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாளாம். ஆறு வயசுக் குழந்தைக்கு அது பழகிவிட்டது. இதைச் சொல்லி உன்னைக் கரைக்கப் பார்க்கவில்லை. கரைந்தால் தப்பும் இல்லை.

அக்காவிடம் என் அன்பைச் சொல். இனிமேல் பொய் சொல்லும்போது உன்னை விட்டுத் தள்ளி நின்று சொல்லும்படி சகலையிடமும் சொல்.

இப்படிக்கு,
உன் ஜூனியர்

*

அன்புள்ள ஜூனியருக்கு,

கால் சரியாகிவிட்டது. பிரமாணப் பத்திரம் கையெழுத்தாகி இத்துடன் இருக்கிறது.

உங்கள் வரைவில் பாதியை அடித்துவிட்டேன். ‘எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு ஒன்றும் இல்லை, மைக் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ‘என் மைக் மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் நான் என் கட்சிக்காரரிடம் கேள்வி கேட்டேன், இது என் தவறு, அவருடையது அல்ல’ என்று மாற்றி, அதை முதல் வரியாக வைத்திருக்கிறேன். பெண்டாட்டியைக் காப்பாற்றுகிற புருஷனாக வரைவு எழுதாதீர்கள். முதல் வரியை நம்பினால்தான் நீதிபதி கடைசி வரியை நம்புவார்.

அத்தானை அனுப்பித் தீர்ப்பு முழுவதையும் அச்செடுத்து வாங்கிப் படித்தேன். நீங்கள் கடைசிப் பகுதியைப் படிக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மாறுபட்ட கருத்து எழுதிய நீதிபதி, குழந்தைக்கு நிஜமான ஆபத்து இருக்கும் வழக்குகளில் இந்தப் பாதுகாப்பைத் தரக் கூடாது என்கிறார். பெரும்பான்மைத் தீர்ப்பு அது இல்லைதான். ஆனாலும் வெண்கலம் அதைத்தான் பிடிப்பார், கேட்கிற நீதிபதியின் மனதிலும் அது ஓடும். அதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை, அவள் நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. உத்தரவு வந்த அன்றே, யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, குழந்தையைத் தன் கையால் கொண்டுபோய் அப்பாவிடம் விட்டாள். ஓடுகிறவள் அப்படிச் செய்ய மாட்டாள். அதைச் சொல்லுங்கள். சத்தம் போடாமல் சொல்லுங்கள். அவர் குரலை ஏற்றினால் நீங்களும் ஏற்றுவீர்கள், அது உங்கள் கெட்ட பழக்கம். அந்த நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

முடிவு எதுவானாலும் தெரிவியுங்கள். நான் திரும்பி வருவதைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். சட்டம் என்னை மன்னித்திருக்கலாம். அந்தக் குழந்தை செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள் என்று படித்த பிறகு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. கேட்ட கேள்வியை மைக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால் அவள் அப்படி நின்றிருக்க மாட்டாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பொட்டலத்தைப் பாதியில் மூடி வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சீனியர்

*

அன்புள்ள சீனியருக்கு,

வாலு வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை முதல் வரியில் எழுதியாயிற்று, இனி மூச்சு விட்டுக்கொண்டு நிதானமாகப் படி. சகலைக்குப் போன் செய்து சொன்னேன். அவர் வழியாக “ஜெயிச்சாச்சு” என்ற ஒரே வார்த்தைதான் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். முழுதையும் எழுதினால்தான் எனக்கும் நிம்மதி.

மேல் கோர்ட்டில் நமக்கு வாய்த்தவர் சிரித்தே பார்த்திராத அந்த நீதிபதி அம்மா. வெண்கலம்தான் முதலில் பிடித்துக்கொண்டார். நீ எழுதியது போலவே ஆரம்பித்தார், நீ எழுதியது போலவே ஏற்றினார். ‘மிரட்டல்’ என்ற சொல்லுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன். அவர் முடிப்பதற்குள் குமாஸ்தா இன்னொரு பாட்டில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நீதிபதி உறையைப் பிரித்தார். உன் முதல் வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கடைசி வரை தலை நிமிரவில்லை. அந்த நேரம் முழுக்க பேக்கரிப் பெண் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரம்மா என்று நான் சொன்னதும் அவள் காதில் ஏறவில்லை. சேலை நுனியை முறுக்கியே கசக்கிவிட்டாள்.

படித்து முடித்ததும் வெண்கலம் எழுந்து மாறுபட்ட கருத்தை எடுத்தார். குழந்தைக்கு ஆபத்து, நிஜமான ஆபத்து என்றார். நான் உன் வரியைச் சொன்னேன், நீ சொன்ன குரலில். உத்தரவு வந்த அன்றே தாயே குழந்தையைக் கொண்டுபோய் விட்டார், அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூட ஒரு நிமிஷம் அதிகம் கேட்கவில்லை என்றேன். நீதிபதி என்னைப் பார்க்காமல் வெண்கலத்தைப் பார்த்து, அது உண்மையா என்று கேட்டார். எதிராளிக்கும் நியாயம் பேச வேண்டும் சீனியர். அவர் மழுப்பவில்லை. தன் கட்சிக்காரரிடம் குனிந்து கேட்டுவிட்டு, “உண்மைதான் அம்மா. அவங்களே நேரா கொண்டுவந்து விட்டிருக்காங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் மெதுவான குரலில் சொன்னார்.

உத்தரவை அங்கேயே சொல்லிவிட்டார்கள். அந்த வாக்கியம் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. அதை எடுத்துவிட்டால் இடைக்கால உத்தரவு நிற்பதற்குக் கால் இல்லை, ஆகவே அதுவும் ரத்து. முன்பு இருந்தபடி குழந்தை தாயிடம், வார இறுதியில் தகப்பனிடம். பிறகு ஒன்று சொன்னார்கள், அதை நகல் வாங்கி உனக்கு அனுப்புகிறேன். தன் தவறை முதல் வரியிலேயே சொல்லிவிட்ட வக்கீலின் மற்ற வரிகளை நம்புவதற்கு இந்த நீதிமன்றத்துக்குத் தயக்கம் இல்லையாம். என்னுடைய ‘தொழில்நுட்பக் கோளாறு’ மட்டும் அந்த உறைக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிடுகிறது. உன் பேனாதான் ஜெயித்தது. இதை ஒருமுறைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்.

வெளியே வராந்தாவில் வெண்கலம் என் தோளில் கை போட்டார். “தம்பி, வீட்டம்மாவ சீக்கிரம் வரச் சொல்லுங்க. நீங்க தண்ணியே குடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, உங்ககூட சண்ட போட்டா எனக்கு ருசிக்கவே மாட்டேங்குது” என்றார். மனுஷன் அவ்வளவு கெட்டவர் இல்லை. கிடைத்ததை எடுத்தார், எடுக்கக் கூடாது என்றதும் வைத்துவிட்டார்.

இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. காணொளி விசாரணைக்குப் புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. கேஸைக் கூப்பிடும்வரை எல்லா மைக்கையும் கோர்ட்டே பூட்டி வைக்குமாம். திரையில் ஆஜராகும் வக்கீல்கள் எழுந்து வணங்கத் தேவையில்லை, உட்கார்ந்தபடி தலை அசைத்தால் போதுமாம். வக்கீல்கள் அறையில் அதற்குச் ‘சீனியர் சுற்றறிக்கை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைக்காதே. ஆளாளுக்கு, எனக்கும் ஒருநாள் இப்படி ஆகப் பார்த்தது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் கட்சிக்காரர் முன்னால் தன் மாமியாரைத் திட்டியது ஒரு கோர்ட் முழுக்கக் கேட்டிருக்கிறது. மாமியாரிடமிருந்து மட்டும் எந்தத் தீர்ப்பும் பாதுகாப்புத் தரவில்லையாம்.

சாயங்காலம் குழந்தைகள் அறையில்தான் வாலுவை ஒப்படைத்தார்கள். தகப்பன் லாரி உதிரிபாகக் கடையிலிருந்து நேராக, கையில் கிரீஸ் கறையோடு வந்திருந்தார். அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை, தோற்ற முகம் யாருக்கும் கஷ்டம்தான். “விளக்க அணைச்சா தூங்க மாட்டா” என்றார் பேக்கரிப் பெண்ணிடம். அது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வாலு வந்து அம்மா மடியில் ஏறி உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கி எத்தன மணி வரைக்கும்மா?” என்று கேட்டாள். அந்தப் பெண் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதில் சொன்னது அப்பாதான். “மணியெல்லாம் இல்லடா. இனிமே அம்மாகூட வீட்லதான்” என்றார். சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

வாசலில் பேக்கரிப் பெண் என்னை நிறுத்தினாள். குழந்தையைக் கொஞ்சம் தள்ளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்து, இதை மேடத்திடம் மட்டும் சொல்லுங்கள் என்று சொன்னாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், வேறு யாரும் படிக்க வேண்டாம், அக்காவும்கூட. “நான் அன்னைக்குச் சும்மா வாய் வார்த்தையா சொல்லல சார். நெசமாவே ஓடறதா இருந்தேன். துணிமணியெல்லாம் மூட்ட கட்டி வெச்சிருந்தேன். மேடம் அந்தக் கேள்வியக் கேக்கலேன்னா நான் யார்கிட்டயும் சொல்லியிருக்கவே மாட்டேன். சொன்னதுனால திட்டு வாங்குனேன், வீட்டுக்குப் போயி மூட்டையப் பிரிச்சேன். ஓடியிருந்தா இந்நேரம் போலீஸு பிடிச்சு, புள்ள ஒரேயடியா போயிருக்கும். கொஞ்ச நாள் பிரிஞ்சு இருந்தோம், அவ்வளவுதானே சார்.”

கேட்டுக்கொண்டாயா? மைக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம், வாஸ்தவம். ஆனால் கேட்காமலே இருந்திருந்தால் இன்று அந்த மடியில் குழந்தை இல்லை. பிரித்த கை, பிரித்த கை என்று நீ சுமந்துகொண்டு போனாயே, அதை அங்கேயே இறக்கி வை.

கடைசியாக அவள் ஒன்று கேட்டாள். முக்கிய விசாரணை அடுத்த மாதம் தொடங்குகிறது, மேடம் வருவாங்கல்ல என்றாள். வக்காலத்தில் உன் பேரை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. வருவாள் என்று சொல்ல வாயெடுத்தேன், நீ போட்ட தடை நினைவுக்கு வந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். “அப்ப நீங்க இன்னும் கேக்கவே இல்லியா சார்?” என்றாள்.

அதனால் கேட்கிறேன். கேஸுக்காக வா என்று மட்டும் எழுதி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொய்ப் பிரமாணம் செய்து எனக்குப் பழக்கமில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்று கடிதத்தை முடிப்பார்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. இங்கே வந்து நன்றாக இரு.

எந்த ரயில் என்று எழுது.

உன்,
ஜூனியர்